மிதித்த பிறகு

மிதித்தால் உடனே போகாது.
ஒரு நொடி யோசிக்கும்.
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல்
ரோட்டைப் பார்க்கும்.
பிறகுதான் மனசு வந்து நகரும்.

சேவுகனின் பதினேழு வருஷத்து டாடா பிக்கப்.
புதுவயல் மில்லில் தவிடு ஏற்றி
காரைக்குடி வழியே திருப்பத்தூர் போகிற வண்டி.
என் பட்டறைக்கு வரும் முன்பே
மூன்று பேர் அதன் வாயில் கை விட்டிருந்தார்கள்.

முதல் ஆள் ஏர் ஃபில்டர் என்றான்.
பொய்யில்லை. தட்டியதும் ஒரு படி தவிடு கொட்டியது,
கோழிக்குப் போட்டார்களாம்.
அடுத்தவன் டீசல் ஃபில்டரை மாற்றினான்.
மூன்றாமவர் தேவகோட்டையில் பெரிய கை.
பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்பி வரவழைத்தார்.
பதினோராயிரம்.
வண்டி இன்னும் யோசித்தது.

நான் பானெட்டைத் திறக்கவில்லை.
"ஓட்டு. கூட உக்காந்து வர்றேன்."
நடுவில் அவன் மனைவி செல்லக்கண்ணு,
மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

கோவிலூர் வரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
குன்றக்குடி மேட்டில்
மூன்றாம் கியருக்கு இறக்கி மிதித்தான்.
பெடல் தரையைத் தொட்டது,
வண்டி வேறெங்கோ இருந்தது.
பின்னால் வந்த பஸ்காரர்
ஹாரனிலேயே எங்கள் பரம்பரையை விசாரித்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். கரும்புகை இல்லை.
புகைந்திருந்தால் மூச்சு முட்டுகிறது என்பேன்.
இது பசி.
டாங்கில் பாதி இருக்கிறது,
இன்ஜினுக்கு எட்டவில்லை.

செல்லக்கண்ணு நோட்டைத் திறந்தாள்.
தேதி, லோடு, எங்கே திணறியது,
எத்தனை ரூபாய்க்கு டீசல்:
ஓடும் வண்டியில் எழுதிய பென்சில் எழுத்து,
பள்ளம் வந்த இடமெல்லாம் வரி குதித்திருந்தது.
"ஐநூறுக்கு டீசல் போட்டு வெளிய வந்தா
கொஞ்ச தூரம் நல்லாப் போகுது.
மூணு பேருகிட்டயும் சொன்னேன்.
புது டீசல் குடிச்ச தெம்புன்னு சிரிச்சாக."

நான் சிரிக்கவில்லை.
ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.
இன்ஜின் ஓடட்டும் என்றேன்.
டாங்க் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்...
குக்கர் போல வெளியே அல்ல,
உள்ளே.
தவறவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவன்போல
காற்று உள்ளே ஓடியது.
நொண்டிக்கொண்டிருந்த இன்ஜின்
தொண்டையைச் செருமிவிட்டு நேரானது.

"இந்த மூடி எப்ப மாத்துனது?"
சேவுகன் தலையைச் சொறிந்தான்.
அவள் நோட்டைப் பின்னுக்குப் புரட்டினாள்.
"கார்த்திகை பதினாலு. பழசு களவு போச்சு.
ஏதோ டிராக்டர் மூடி, நாப்பது ரூவா.
அடுத்த பக்கத்துலதான்
மொதத் தடவையா 'மேட்டுல இழுக்கல'ன்னு எழுதியிருக்கேன்."

பழைய மூடியில் ஓர் ஊசித்துளை இருந்திருக்கும்.
டீசல் குறையக் குறைய
அந்த இடத்துக்குக் காற்று வந்து உட்காரும் வழி.
இதில் இல்லை.
பம்பு இழுத்தது, டாங்க் விடவில்லை,
இருவரின் கயிறு இழுப்பில்
வழுக்கி விழுந்தவன் சேவுகன்.

பட்டறைக்குத் திரும்பி
இருப்பதிலேயே மெல்லிய பிட்டைப் போட்டேன்.
பத்து விநாடி.
மழைத்தண்ணீர் இறங்காமல் துளைமேல் ஒரு தகர மடிப்பு.
"இது சும்மா ஒப்புக்கு. இந்த வண்டிக்கு உள்ள மூடியையே
வாங்கி மாட்டிரு."

கூலி என்று வந்தபோதுதான் குழப்பம்.
ஒரு துளைக்கு என்ன விலை சொல்ல?
பதினோராயிரத்துக்கு வாய் திறக்காத சேவுகன்
இருநூறு என்றதும்
"ஓட்டை போட்டதுக்கா?" என்றான்.
செல்லக்கண்ணு இரண்டு நூறு ரூபாய்த் தாள் எடுத்தாள்.
ஒன்றை என் கையில் வைத்தாள்.
"இது தொளை போட்டதுக்கு.
இது கண்டுபிடிச்ச ஆளுக்கு" என்று
மற்றதை நோட்டுக்குள்ளேயே செருகிக்கொண்டாள்.

மறுத்துப் பேச நான் வாயெடுப்பதற்குள்
வண்டி கிளம்பிவிட்டது.
யோசிக்கவே இல்லை.